பதினோராவது கேள்வி

பிப்ரவரி 4

அன்புள்ள கிளார்க்கம்மாவுக்கு,

நான் சுகம். நீயும் குட்டியும் சுகமாக இருப்பீர்கள் என்ற தைரியத்தில்தான் இங்கே சாப்பாடு இறங்குகிறது. உன் கடிதம் போன புதன்கிழமை வந்தது. நாலு பக்கம். பக்கத்துக் கட்டில் வெல்டர் எட்டிப் பார்த்துவிட்டு, "என்னப்பா, வீட்டுல இருந்து புஸ்தகமே போட்டு அனுப்பிட்டாங்களா?" என்றான். அவனுக்கு வருவது எப்போதும் அரைப் பக்கம். வயிற்றெரிச்சல்.

வந்து பத்து மாதம் ஓடிவிட்டது. அறையில் நாலு பேருக்கு ஒரு ஜன்னல். பெயின்டர் ஊருக்குப் போனதால் ஜன்னலோரக் கட்டில் எனக்குக் கிடைத்திருக்கிறது. எதிரே ஒரு சலவைக் கடையின் பின்சுவர், அதில் சாய்த்துவைத்த ஒரு சைக்கிள். பத்து மாதமாக அந்தச் சைக்கிளை யாரும் எடுத்து நான் பார்க்கவில்லை. காலையில் பல் தேய்க்கும்போது அதைப் பார்க்காவிட்டால் இப்போதெல்லாம் ஏதோ குறைகிறது.

இனி முக்கியமான சேதி. எங்கள் சூப்பர்வைசரைப் பற்றி எழுதியிருக்கிறேன் அல்லவா, என்னைவிட ஆறு வயது சின்னவர், எந்நேரமும் எதையாவது கொறித்துக்கொண்டே நடப்பவர். அவர் என்னைக் கூப்பிட்டு, "இன்னும் எத்தனை நாளைக்கு ஹெல்பராவே இருப்பே? லிஃப்டைச் சோதிச்சுக் கையெழுத்துப் போடற லைசென்ஸுக்கு எழுதிப் போடு, நான் சிபாரிசு பண்றேன்" என்றார். லைசென்ஸ் கிடைத்தால் குடும்பத்தைக் கூட்டிவரலாம். ஹெல்பருக்கு அந்தச் சலுகை கிடையாது. குடும்ப விண்ணப்பத்தையும் கையோடு கொடுத்துவிட்டார். இத்துடன் வைத்திருக்கிறேன். உனக்கு விண்ணப்பம் நிரப்பச் சொல்லித் தர வேண்டியதில்லை.

கிளம்புவதற்கு முன் சமையலறையில் நின்றுகொண்டு நீ கேட்டாயே, "அது அங்கேயும் கூடவே வருமா?" என்று. கேட்டால் சொல்லிவிடுவது, கேட்காவிட்டால் நாமாகப் போய்ச் சொல்வதில்லை என்று பேசி முடித்தோம். ஹெல்பர் வேலைக்கு யாரும் கேட்கவில்லை. இந்த லைசென்ஸ் விண்ணப்பத்தில் பதினோராவது கேள்வி அதுதான். நீதிமன்றத்தில் எப்போதாவது தண்டனை பெற்றதுண்டா என்று. அதுவும் நல்லபடியாக முடிந்தது. கவலைப்படாதே.

இன்னும் கடிதம் எழுத உட்கார்ந்தால் அந்த ஜெயிலர்தான் ஞாபகத்துக்கு வருகிறார். நம் கடிதங்களை எல்லாம் படித்துவிட்டு நீல முத்திரை குத்துவாரே, அவர் தோளுக்குப் பின்னால் நிற்கிற மாதிரியே இருக்கிறது. அவர் படிப்பாரே என்று நீயும் நானும் ஒன்றரை வருடம் நல்ல சேதியாகவே எழுதித் தள்ளினோம். இங்கே யாரும் பிரித்துப் படிப்பதில்லை. இருந்தும் கைக்கு அந்தப் பழக்கம் போகவில்லை.

குட்டியிடம் சொல், இங்கே ஒரு கட்டடத்தில் கண்ணாடி லிஃப்ட் இருக்கிறது. வந்ததும் முதல் வேலையாக அதில்தான் ஏற்றப்போகிறேன்.

இப்படிக்கு,
மேலேயும் கீழேயுமாகக் காலம் தள்ளும்
உன் லிஃப்டுக்காரன்

*

பிப்ரவரி 15

என்னங்க,

உங்கள் கடிதம் நேற்று வந்தது. ஜெராக்ஸ் கடையில் மெஷின் பக்கத்தில் நின்றபடியே பிரித்தேன். படித்துவிட்டு அழுததில் ஒருவருடைய நிலப் பத்திரத்தைத் தலைகீழாக வைத்துப் பத்து காப்பி எடுத்துவிட்டேன். முதலாளி அம்மா, "என்னம்மா, நல்ல சேதியா கெட்ட சேதியா? அதைச் சொல்லிட்டு அழு" என்றார். நல்ல சேதி என்று சொன்னேன்.

நீங்கள் ஒரு வரியில் எழுதிவிட்டுப் போய்விட்டீர்கள். நான் அந்த வரியை எத்தனை தடவை படித்தேன் தெரியுமா? கேட்டார்கள், நீங்கள் சொன்னீர்கள், அவர்கள் சரி என்றுவிட்டார்கள். அவ்வளவுதானா? இதற்காகவா நாம் இத்தனை நாள் வயிற்றில் நெருப்பைக் கட்டிக்கொண்டு இருந்தோம்? இங்கே நாலு தெருவுக்கு நம் கதை தெரியும். அங்கே ஒருவர் அதைக் காதில் வாங்கிக்கொண்டு, சரி, வேலையைப் பார் என்று சொல்லியிருக்கிறார். அந்தச் சூப்பர்வைசர் நன்றாக இருக்க வேண்டும். எதை வேண்டுமானாலும் கொறிக்கட்டும்.

விண்ணப்பத்தை நேற்றே நிரப்பிவிட்டேன். ஊரார் விண்ணப்பத்தை எல்லாம் நிரப்பித் தருகிற நான், என் பெயரை எழுதிவிட்டு எழுத்துக்கூட்டிச் சரிபார்த்தேன். ஒன்பதாவது கேள்வி, கணவர் அல்லது மனைவி தண்டனை பெற்றவரா என்பது. உங்கள் பதிலும் என் பதிலும் ஒத்துப்போக வேண்டுமே, அதனால் ஒன்றையும் விடவில்லை. 'ஆம்' என்று எழுதி, மாதாந்திரச் சோதனை செய்யாமலே பதிவேட்டில் கையெழுத்திட்டது, பிரேக் பிடிக்காமல் லிஃப்ட் இறங்கியது, ஆபரேட்டருக்கு இடுப்பெலும்பு முறிந்தது, ஒன்றரை வருடத் தண்டனை, வெளியே வந்த தேதி எல்லாம் எழுதியிருக்கிறேன். தீர்ப்பு நகலும் விடுதலைச் சான்றும் மூன்று மூன்று காப்பி. கடையில் நான் எல்லோருக்கும் சொல்வதுதான், கேட்பதற்கு முன்பே கொடுத்துவிட்டால் திருப்பி அனுப்ப மாட்டார்கள்.

உங்களுக்கு அனுப்பி, நீங்கள் அங்கே கொடுத்து, அதற்கு வேறு ஒரு வாரம் ஆகும் என்று, மேலே அச்சடித்திருந்த கம்பெனி முகவரிக்கே இன்று காலை பதிவுத் தபாலில் அனுப்பிவிட்டேன். எப்படி என் சுறுசுறுப்பு?

கண்ணாடி லிஃப்ட் என்றதும் குட்டி சிரித்தாள். பள்ளிக்கூடத்தில் எல்லாம் நன்றாகப் போகிறது. நானும் நன்றாக இருக்கிறேன். வீடும் நன்றாக இருக்கிறது.

சீக்கிரம் பார்ப்போம் என்று எழுத இத்தனை நாள் பயமாக இருந்தது. இன்று எழுதுகிறேன். சீக்கிரம் பார்ப்போம்.

உங்கள்
கிளார்க்கம்மா

*

பிப்ரவரி 16

அன்புள்ள கிளார்க்கம்மாவுக்கு,

உன் பதில் வருவதற்கு முன்பே இதை எழுதுகிறேன். நீ விண்ணப்பத்தை நிரப்புவதற்குள் இது உன் கைக்கு வந்து சேர வேண்டும். வீட்டிலும் கடையிலும் போன் இல்லாததால் வேறு வழியில்லை.

ஒன்பதாவது கேள்விக்கு 'இல்லை' என்று எழுது.

சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன். பதினோராவது கேள்விக்கு நான் 'இல்லை' என்றுதான் டிக் அடித்தேன். சொல்லிவிட வேண்டும் என்று நினைத்துத்தான் உட்கார்ந்தேன், சத்தியமாக. சூப்பர்வைசர் பக்கத்தில் நின்று வேர்க்கடலை தின்றுகொண்டிருந்தார். "கடைசிப் பக்கம் எல்லாமே 'இல்லை'தானே, மடமடன்னு போட்டுக் குடு, தபால் கட்டற நேரமாச்சு" என்றார். என் கை மடமடவென்று போட்டுவிட்டது. பத்து, பதினொன்று, பன்னிரண்டு. பிறகு பேனாவை மூடும்போதுதான் என்ன செய்தேன் என்று உறைத்தது. அவர் அதற்குள் எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

ஓடிப்போய் வாங்கியிருக்கலாம். ஓடவில்லை. குட்டி முகமும் உன் முகமும் கண்ணுக்கு முன்னால் நின்றன. ஏன் கெடுத்துக்கொள்ள வேண்டும் என்று தோன்றிவிட்டது.

உனக்கு எழுதும்போது 'நல்லபடியாக முடிந்தது' என்று எழுதினேன். அந்த வரியை எழுதியபோது நானே அதை நம்பினேன். இரண்டு வாரமாக நம்ப முடியவில்லை. சைக்கிளைப் பார்த்துக்கொண்டு பல்லைத் தேய்த்தது தேய்த்தபடி நிற்கிறேன். வெல்டர், "வாயில நுரையோட என்னத்தப்பா அப்படிப் பாக்குறே?" என்கிறான்.

திட்டு. பக்கம் பக்கமாகத் திட்டு. ஆனால் இந்த ஒரு தடவை 'இல்லை' என்று எழுதிவிடு. நீயும் அவளும் இங்கே வந்துவிட்டால் போதும். அப்புறம் வாழ்நாள் முழுக்க ஒழுங்காக இருக்கிறேன்.

உன் குரல் மறந்துபோகுமோ என்று பயமாக இருக்கிறது. 'என்னங்க' என்று நீ கூப்பிடுவதை மனதுக்குள் சொல்லிப் பார்த்தால், இப்போதெல்லாம் அது என் குரலில்தான் கேட்கிறது.

உன் லிஃப்டுக்காரன்

*

பிப்ரவரி 27

என்னங்க,

உங்கள் கடிதம் நேற்று வந்தது. விண்ணப்பம் போய்ப் பன்னிரண்டு நாளாகிவிட்டது. இந்நேரம் உங்கள் கம்பெனியில் யாராவது பிரித்திருப்பார்கள். தீர்ப்பு நகல் மூன்று காப்பி. ஒன்று மங்கலாக இருக்கிறதென்று வேறு எடுத்து வைத்தேன். நன்றாகத் தெரியட்டும் என்று.

தெருமுனை பூத்திலிருந்து கம்பெனிக்குப் போன் போட்டேன். "யார் பேசறது? என்ன விஷயம்?" என்று ஒருவர் கேட்டார். என்ன விஷயம் என்று சொல்வது? வைத்துவிட்டேன்.

எனக்குக் கோபம். எழுதாமல் இருக்க முடியவில்லை. நீங்கள் டிக் அடித்ததுகூட எனக்குப் புரிகிறது. பேனாவைப் பிடித்துக்கொண்டு பயப்படுகிறவர்களைத் தினமும் பார்க்கிறவள் நான். ஆனால் எனக்கு ஏன் அப்படி எழுதினீர்கள்? நல்லபடியாக முடிந்தது என்று? பார்க்காத பிரேக்கைப் பார்த்ததாகக் கையெழுத்துப் போட்டீர்கள், அது அன்றைக்கு. இன்றைக்கும் அதே கைதான். அன்றைக்கு ஒருவர் விழுந்தார். இன்றைக்கு யார் விழுவது? நாங்கள்தானே?

எழுதிவிட்டேன். கிழிக்கப் போவதில்லை.

என் மேலும் கோபம். அந்த வரியைப் பார்த்ததும், எப்படி முடிந்தது, என்ன கேட்டார்கள், என்ன சொன்னீர்கள் என்று ஒரு வார்த்தை கேட்டு எழுதியிருக்க வேண்டும். கடையில் யாராவது 'எல்லாம் சரியா இருக்கு' என்று ஒரு தாளை நீட்டினால் நான் நம்புவதே இல்லை. உங்களை மட்டும் நம்பினேன். இல்லை, அதுவும் பொய். நம்ப ஆசைப்பட்டேன்.

உங்கள் கடிதம் முன்னாடியே வந்திருந்தாலும் நான் 'இல்லை' என்று எழுதியிருக்க மாட்டேன் என்று சொல்லத்தான் ஆசை. அவ்வளவு திடமாகச் சொல்ல முடியவில்லை. 'சீக்கிரம் பார்ப்போம்' என்று எழுதிய கை இது.

ஒருவேளை இன்னும் யாரும் பிரிக்காமல் இருந்தால், அதற்குள் நீங்களாகச் சொல்லிவிட்டால் நல்லது. என் கடிதம்தான் உங்களைக் காட்டிக்கொடுத்தது என்று இருக்க வேண்டாம். அதை என்னால் தாங்க முடியாது.

நான்

*

மார்ச் 10

அன்புள்ள உனக்கு,

உன் கோபக் கடிதம் நேற்று வந்தது. அது வருவதற்கு மூன்று நாள் முன்பே நான் சொல்லிவிட்டேன். நீ நம்ப வேண்டும் என்று கேட்க எனக்கு முகம் இல்லை. நடந்ததை வரிசையாக எழுதுகிறேன்.

உன் பதினைந்தாம் தேதிக் கடிதம் கிடைத்தபோதே கவரும் வருகிறது என்று தெரிந்துவிட்டது. மூன்றாம் நாள் வந்தது. யாரும் பிரிக்கவில்லை. சூப்பர்வைசர் அதை என் மடியில் போட்டு, "உன் வீட்டுக்காரி கையெழுத்து அச்சடிச்ச மாதிரி இருக்கே. குடும்ப விண்ணப்பம்தானே? நீயே சரிபார்த்து ஆபீஸ்ல குடுத்துடு" என்றார். கிழித்துப் போட்டால் கேட்பாரில்லை. உனக்குப் புதிதாக ஒன்று அனுப்பி 'இல்லை' என்று எழுதச் சொன்னால் முடிந்தது. தலையணைக்கு அடியில் வைத்தேன். ஏழு நாள் அதன் மேல்தான் தலை வைத்திருந்தேன்.

அந்த வாரமே தற்காலிக லைசென்ஸ் வந்தது. முதல் கையெழுத்து ஒரு கண் மருத்துவமனை லிஃப்டுக்கு. மொட்டை மாடி மெஷின் அறையில் நான் பிரேக்கைக் கழற்றிப் பார்த்தேன். சரியாக இருந்தது. மாட்டினேன். திரும்பவும் பார்த்தேன். மூன்றாம் தடவையும் பார்த்தேன். சூப்பர்வைசர் பதிவேட்டை நீட்டிக்கொண்டு நின்றார். பேனா என் கையில்தான் இருந்தது. லிஃப்ட் சரியாக இருந்தது, அதில் கையெழுத்துப் போட்டால் அது பொய்யில்லை. ஆனாலும் முடியவில்லை. கீழே கண்ணில் கட்டுப் போட்டவர்கள் வரிசையாக உட்கார்ந்திருந்ததை ஏறும்போதே பார்த்திருந்தேன். அவர்கள் எதையும் பார்க்காமல், யாரோ பார்த்திருப்பார் என்று ஏறுவார்கள்.

"இதுல நான் கையெழுத்துப் போடக் கூடாது சார்" என்றேன். பைக்குள் இருந்த கவரை எடுத்துக் கொடுத்தேன். அன்று காலையில் ஏன் அதைப் பையில் வைத்தேன் என்று இப்போதும் எனக்குத் தெரியவில்லை.

நின்றபடியே படித்தார். முதல் தடவையாக அவர் வாய் அசையாமல் இருந்ததைப் பார்த்தேன். தாள்களை மடித்துக் கவருக்குள் வைத்துவிட்டு, "மூணாவது தடவை கழட்டறப்பவே நினைச்சேன், இவன் எங்கயோ அடிபட்டவன்னு" என்றார். அப்புறம், "முட்டாள். அன்னைக்கே சொல்லியிருந்தா நான் போய்ப் பேசியிருப்பேன். பழைய கேஸ் உன்னைப் பிடிக்கலை. இந்த டிக்தான் பிடிச்சுது" என்றார். என் கையிலிருந்த பேனாவை வாங்கி, அவரே இன்னொரு முறை பிரேக்கைப் பார்த்துக் கையெழுத்துப் போட்டார்.

லைசென்ஸ் போய்விட்டது. உன் விண்ணப்பத்தை 'ஏற்கப்படவில்லை' என்று எழுதித் திருப்பிவிட்டார்கள். பொய் எழுதியவன் இங்கே மறுபடி அந்த விண்ணப்பத்தைத் தொட முடியாது. சூப்பர்வைசர் கெஞ்சிக் கூத்தாடி, ஹெல்பராக வைத்துக்கொள்ளச் சம்மதம் வாங்கியிருக்கிறார். ஒப்பந்தம் முடிய இன்னும் பதினாலு மாதம் இருக்கிறது. "வேண்டாம்னா சொல்லு, இப்பவே விடுவிச்சு அனுப்பச் சொல்றேன்" என்கிறார்.

நீ சமையலறையில் கேட்டதற்கு இப்போது பதில் தெரியும். கேஸ் தானாகக் கூட வரவில்லை. நான்தான் தூக்கிக்கொண்டு வந்தேன். நீ காட்டிக்கொடுக்கவில்லை. உன் கவரை நான்தான் என் கையால் கொடுத்தேன். இதை மட்டும் மனதில் போட்டு உழப்பிக்கொள்ளாதே.

இப்போது என்ன செய்வது என்று நீ சொல். இங்கேயே இருந்தால் யாருக்கும் என்னைத் தெரியாது, உங்களையும் பார்க்க முடியாது. அங்கே வந்தால் எந்த லிஃப்ட் கம்பெனியும் வாசலில்கூட நிற்க விடாது. குட்டிக்கு அது கஷ்டமாக இருக்கும் என்றால் பதினாலு மாதமும் இருந்துவிட்டு வருகிறேன். உண்மையான நிலவரத்தை எழுது. நல்ல சேதி வேண்டாம்.

காத்திருக்கிறேன்.

உன் லிஃப்டுக்காரன்

*

மார்ச் 21

என்னங்க,

நம்புகிறேன். முதலில் அதை எழுதிவிடுகிறேன்.

நிலவரம் கேட்டீர்கள்.

வீடு நன்றாக இல்லை. மழை வந்தால் சமையலறையில் இரண்டு வாளி வைக்கிறேன். போன வருடத்திலிருந்தே அப்படித்தான். எனக்கு வலது மணிக்கட்டில் வலி. பெரிய விண்ணப்பம் என்றால் நடுவில் நிறுத்திக் கையை உதறிக்கொள்கிறேன். என் கையெழுத்தை உங்கள் சூப்பர்வைசர் மெச்சியதைப் படித்துவிட்டு, சந்தோஷப்படுவதா அழுவதா என்று தெரியவில்லை.

குட்டிக்குப் பள்ளிக்கூடத்தில் நன்றாகப் போகவில்லை. 'ஜெயில்' என்று ஒரு பெண் கூப்பிட ஆரம்பித்து இப்போது வகுப்பே கூப்பிடுகிறது. முதல் வரிசையிலிருந்து கடைசிக்கு அவளாகவே மாறி உட்கார்ந்திருக்கிறாள். கண்ணாடி லிஃப்ட் என்று நீங்கள் எழுதியதற்கு அவள் சிரிக்கவில்லை. நான் அப்படி எழுதினேன். அவள் லிஃப்டில் ஏறுவதே இல்லை. பல் வைத்தியரிடம் போனபோது ஐந்து மாடியும் படியேறித்தான் வந்தாள்.

இன்னொன்று. இதை எழுதக் கூடாது என்றுதான் எட்டு மாதமாக இருந்தேன். ஆபரேட்டர் கடைக்கு வந்தார். ஊன்றுகோலோடு. ஊனமுற்றோர் உதவிக்கு விண்ணப்பம் நிரப்ப வேண்டும் என்று. நான் யாரென்று அவருக்குத் தெரியும். வேறு கடைக்குப் போயிருக்கலாம், அவர் வீட்டுக்கு இதுதான் பக்கம். நான் கேட்கக் கேட்க அவர் சொன்னார். விபத்துக்குப் பொறுப்பானவர் பெயர் என்று ஒரு கட்டம் வந்தது. நானே உங்கள் பெயரை எழுதினேன். அவர் அதைப் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு, "எப்ப வர்றாராம்?" என்றார். தெரியாது என்றேன். "வந்தா என்னை ஒரு தடவை வந்து பாக்கச் சொல்லும்மா" என்றார். எதற்கு என்று நான் கேட்கவில்லை. அதன் பிறகு மூன்று முறை வந்துவிட்டார். ஒவ்வொரு முறையும் கேட்கிறார்.

இங்கே உங்களுக்காகக் காத்திருப்பது இதுதான். வேலை கிடைக்காது. பேச்சு அடங்காது. அவர் வாசலில் போய் நீங்கள் நிற்க வேண்டும், அவர் என்ன சொன்னாலும் கேட்டுக்கொள்ள வேண்டும். நான் கூட வருகிறேன்.

உங்கள் கடிதத்தைக் குட்டியிடம் முழுசாகப் படித்துக் காட்டினேன். இதுவரை எதையும் அப்படிக் காட்டியதில்லை. மூன்று தடவை கழற்றிப் பார்த்த இடத்தை மறுபடி படிக்கச் சொன்னாள். அப்புறம் கேட்டாள், "அப்பா வந்து பாத்துட்டு ஏறுன்னு சொன்னா ஏறலாமாம்மா?" ஏறலாம் என்று சொன்னேன். அவ்வளவுதான், எழுந்து போய்விட்டாள்.

கட்டிலில் உங்கள் பக்கத்தில் மடித்த துணிகளை அடுக்கி வைத்திருக்கிறேன். காலியாக இருந்தால் தூக்கம் வருவதில்லை. மடித்ததையே எடுத்து மறுபடி மடித்து வைக்கிறேன். இதையும் நான் எழுதியதில்லை.

நல்ல சேதி ஒன்றுகூட இல்லை. பதினாலு மாதம் வேண்டாம்.

கிளம்பி வாங்க.

நான்